எனக்கு வாடகை தரும் எம்.பி.

இப்படிச் சற்று நகர்ந்து உட்காருங்கள், அம்மா. அந்த முனையில் பலகை கழன்றிருக்கிறது. சற்று முன்புதான் ஒருவர் விழப் பார்த்தார். இவ்வளவு பெரிய வருமான வரி அலுவலகத்தில், உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் சுழல் நாற்காலி. அழைப்பாணை பெற்று வருகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பெஞ்சு.

உங்களுக்கும் நில விவகாரமா? எனக்கும் அதுவே. எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள்? பதினொன்றுக்கா? எனக்கும் பதினொன்று. ஒரே நேரத்துக்கு இருவரை வரச் சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள். ஒழுங்கு என்பது எந்த இடத்திலும் இல்லாமற் போய்விட்டது. நான் பத்தே காலுக்கே வந்துவிட்டேன். இப்போது மணி பதினொன்று நாற்பது.

இங்கே எவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று என் தங்கை கணவருடைய ஆடிட்டர் சொல்லித்தான் அனுப்பினார். "சார், பெஞ்சுல உக்காந்திருக்க ஆளெல்லாம் ஆபீசு ஆளுன்னே நெனச்சுக்கிடுங்க" என்றார். உங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. மேலும், மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் பொறுங்கள், கதவு திறக்கிறது... இல்லை, தேநீர்க்காரர்.

என் பெயர் ஆவுடையப்பன். அரசு மேனிலைப் பள்ளித் தலைமையாசிரியனாய் இருந்து 2012 மே 31ஆம் நாள் ஓய்வு பெற்றேன். பாடம், வரலாறு. என் பேச்சு ஏதோ புத்தகம் வாசிப்பதுபோல் இருக்கிறதென்று என் மனைவி குறை சொல்லுவாள். முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம், மாற்றிக்கொள்ள இயலாது. நேற்று வரையில் என்னை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை, அம்மா. இந்த அழைப்பாணையில் என்னைப் 'பினாமி' என்று எழுதியிருக்கிறார்கள். அது பாரசீகச் சொல். பெயரில்லாதவன் என்று பொருள். எனக்கா பெயரில்லை? பதினொரு பத்திரங்களில் முழுப்பெயரும் தந்தை பெயரும் கதவிலக்கமும் இருக்கின்றனவே!

எங்கள் தொகுதியின் எம்.பி. சுடலைமணியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் தங்கை கோமதியின் கணவர். ஆம், அவரேதான். சுவரொட்டியில் இருப்பதைவிட நேரில் சற்றுக் குள்ளம்.

1991இல் பெண் கேட்டு வந்தபோது, சங்கரன்கோவிலில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். என் தந்தைக்கு மனமில்லை. "சீட்டு எழுதுத பயலுக்கா எம் பிள்ளையக் குடுக்க?" என்று குதித்தார். நான்தான் எடுத்துச் சொன்னேன்: கையெழுத்து முத்துமுத்தாய் இருக்கிறது, ஒருவரிடமும் ஏற்றத்தாழ்வு பார்க்காமல் பேசுகிறார், முன்னேறுவார் என்று. முன்னேறினார். 1996இல் ஒன்றியக் கவுன்சிலர். 2001இல் ஒன்றியத் தலைவர். 2006இல் மறுபடியும். 2014இல் தில்லி. 2019இல் இரண்டாம் முறை. நாளை மறுநாள் மூன்றாம் முறைக்கு வேட்புமனுத் தாக்கல் செய்கிறார். அதனால்தான் இந்த வேளையில் என்னை அழைத்திருக்கிறார்கள் என்கிறார் அவர். இருக்கலாம். அரசியல் எனக்குத் தெரியாது.

ஆனால் அவருடைய சொத்துக் கணக்கு எனக்குத் தெரியும். மனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை இரண்டு முறையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். வேட்பாளருக்கு ஒரு பத்தி, மனைவிக்கு ஒரு பத்தி, அவரைச் சார்ந்து வாழ்வோருக்குத் தனித்தனிப் பத்தி. எதையும் வெறுமையாய் விட்டுவிடக் கூடாது. ஒன்றுமில்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். விட்டுவிட்டால் பரிசீலனை நாளில் மனுவைத் தள்ளிவிடுவார்கள். பெரிய பெரிய வழக்கறிஞர்கள் வைத்திருப்பவர்களே இதில் தவறுகிறார்கள். நான் எழுதியதில் ஒரு கட்டம் காலியாய் இருந்ததில்லை. வேளாண் நிலம், இல்லை. வணிகக் கட்டடம், இல்லை. குடியிருப்பு வீடு, இல்லை. இரண்டாம் முறை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டியபோது, ஒரு கூட்டமே நின்று வாசித்தது. "அஞ்சு வருசம் எம்.பி.யா இருந்த மனுசன், இன்னும் வாடகை வீட்லதாம்டே இருக்காரு" என்று ஒருவர் உருகிப்போனார். எனக்கு மெய்சிலிர்த்தது.

அவ்வளவும் உண்மைதானே, அம்மா? அவர் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். என் வீட்டில்.

சிரிக்கிறீர்கள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மாதம் பதினெட்டாயிரம், ஐந்தாம் தேதிக்குள் காசோலை என் கணக்கில் சேர்ந்துவிடும். எட்டாம் தேதி அவருடைய உதவியாளர் வந்து, நான் கையெழுத்திட்டு வைத்திருக்கும் காசோலையை வாங்கிச் சென்று பணத்தை எடுத்துக்கொள்வார். வீட்டுப் பராமரிப்புச் செலவுக்கு. நான் ஏன் அதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? ஒருமுறை கோமதிக்கு உடம்பு சுகமில்லை என்று பார்க்கப் போனேன். வாயிலில் இருந்த காவலாளி புதியவர். "யாருங்க, அப்பாயின்மென்ட் இருக்கா?" என்றார். "நான் வீட்டுக்காரன்" என்றேன். அவர் என் செருப்பைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். "எம்.பி. வீட்டுக்கே வீட்டுக்காரரா? வெயிலு தலைக்கு ஏறிட்டுபோல வே. தண்ணியக் குடிச்சிட்டு அந்த நெழல்ல இரியும்" என்றார். முக்கால் மணி நேரம் இருந்தேன். பொறுப்பான காவலாளி. குறை சொல்ல மாட்டேன்.

மறுபடி கதவு திறக்கிறது. யாரோ கோப்பு எடுத்துப் போகிறார்கள். ஏன் இப்படித் தாமதம் செய்கிறார்கள் என்று விளங்கவில்லை. எனக்கு இரண்டு மணிக்குப் பேருந்து. சரி.

எப்படித் தொடங்கியது என்கிறீர்களா? நான் ஓய்வு பெற்ற ஆண்டு செப்டம்பரில் கோமதி ஒரு தட்டு நிறைய ஆப்பிளோடு வந்தாள். அவள் ஆப்பிள் வாங்கி வந்தால் ஏதோ இருக்கிறதென்று பொருள். "அண்ணாச்சி, அவுக பேருல ஒரு எடம் வாங்கினா ஊர்க்கண்ணு பட்டுரும். ஒங்க பேருல இருக்கட்டும். நீங்க என்ன அந்நியமா?" என்றாள். மறுநாள் அவரே வந்தார். "மச்சான், எங்க பேரெல்லாம் கட்சிக்காரன் பேரு. நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். ஒங்க பேரச் சொன்னா ஒருத்தன் பல்லுமேல நாக்கப் போட்டுப் பேச முடியுமா?" என்றார். உண்மைதான். அடுத்த வாரம் ஒரு கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, "இந்தத் தாலுகாவுலயே அப்பழுக்கில்லாத மனுசர்" என்றார். முன்வரிசையில் என் பழைய மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முப்பத்தாறு ஆண்டு உழைத்தபோது ஒருவரும் போர்த்தாத பொன்னாடை, அம்மா.

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பத்திரத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். ஒரு பத்திரத்தில் கிழக்கெல்லையை மேற்கென்று தட்டச்சு செய்திருந்தார்கள். இணைப்பு வரைபடத்தோடு ஒப்பிட்டு நான்தான் கண்டுபிடித்தேன். பத்திர எழுத்தரே வியந்துபோனார். "சார்வாள் கையில ஒண்ணும் தப்பாது" என்றார்.

நிலத்தையா? நிலத்தைப் பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? நான் பயிர் வைக்கப் போகிறேனா?

என் மனைவி மட்டும் இடித்துக்கொண்டே இருப்பாள். "மூணு தாலுகாவுல நெலம் வச்சிருக்கவரு வீட்டுக் குளியல் ரூமுக்குத் தாப்பாள் கெடையாது. வாளிய வச்சு முட்டுக்கொடுத்துக் குளிக்கேன்" என்பாள். நியாயவிலைக் கடையில் எங்கள் அட்டைக்கு அரிசியை நிறுத்திவிட்டார்கள், சொத்து இருக்கிறதென்று. அன்றைக்கு அவள் பேசிய பேச்சை இங்கே சொல்ல இயலாது. பெண்களுக்குக் குடும்ப உறவின் அருமை சில வேளைகளில் தெரிவதில்லை. மன்னியுங்கள், உங்களைச் சொல்லவில்லை.

நேற்று கோமதியும் அவரும் வந்தார்கள். அவர் உட்காரவேயில்லை, அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். "மச்சான், ஒரே ஒரு வார்த்தை. 'என் நெலம்.' அம்புட்டுத்தான். அதுக்கு மேல அவன் கேட்டா ஆடிட்டர் எழுதித் தந்ததக் குடுத்துருங்க" என்றார். கோமதி அழுதாள். மாற்று வேட்பாளராய் அவள் பெயரிலும் மனு போடுகிறார்கள். "நீங்க மாத்திச் சொன்னியன்னா அவுக மட்டுமில்ல அண்ணாச்சி, நானும் உள்ளதான். ஒங்களயும் விட மாட்டாவ. ஏழு வருசமாம். எழுவத்தோரு வயசுல கம்பிக்குள்ள இருக்கப் போறியளா?" என்றாள். அவள் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவன் நான்.

இதோ, இந்த உறைக்குள் இருப்பதுதான் ஆடிட்டர் எழுதித் தந்த வாக்குமூலம். இன்னும் கையெழுத்திடவில்லை. ஓய்வூதியப் பணம், என் மனைவியின் நகையை விற்ற பணம், பரம்பரைத் தோப்பு, மாலை நேரத் தனிப்பயிற்சி வருமானம் ஆகியவற்றால் வாங்கியதாக எழுதியிருக்கிறார். தோப்பு என்பது பதினாறு தென்னை. அதில் நான்கு காய்ப்பதில்லை. சரி, போகட்டும். ஆனால், தனிப்பயிற்சி! ஒரு மாணவனிடம் ஒரு ரூபாய் நான் வாங்கியதில்லை, அம்மா. தனிப்பயிற்சி நடத்திய ஆசிரியர்களுக்குக் குறிப்பாணை கொடுத்தவன் நான். அந்த ஒரு வரிதான் என்னைக் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. மற்றபடி கடிதம் நன்றாகவே இருக்கிறது.

ஆடிட்டர் இன்னொன்றும் சொன்னார். விற்றவரையும் வாங்கியவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "இவரைத் தெரியுமா?" என்று கேட்பார்களாம். அதுதான் இவர்கள் வழக்கமாம். உண்மையில் வாங்கியவனுக்கு விற்றவர் முகம் தெரியாமல் இருக்காது அல்லவா? தெரியும் என்று நான் சொல்ல வேண்டுமாம். இரண்டு முறை போய் நிலத்தைப் பார்த்தேன், விலை பேசினேன், அவர்கள் வீட்டில் காப்பி குடித்தேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. எப்படித் தெரியும்? பத்திரப் பதிவன்று நிலத்தை விற்ற அம்மாள் காலையில் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். என்னைப் பிற்பகலில் காரில் அழைத்துச் சென்றார்கள். அந்த அம்மாளுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியாயிற்று, பயப்படாதீர்கள் என்றார். இன்னும் அவரைக் காணோம். பதினொன்றுக்கு வரச் சொன்னால் பதினொன்றுக்கு வர வேண்டாமா?

எந்த ஊர் நிலமா? இன்றைய விசாரணை புதுவூர் நிலத்தைப் பற்றி. நான்குவழிச் சாலையை ஒட்டி, நான்கு ஏக்கர் இருபது சென்ட். ஏன், உங்களுக்குத் தெரிந்த ஊரா?

கிணறா? தெரியவில்லையே. பத்திரத்தில் இருக்கும், பொறுங்கள். கண்ணாடி... இதோ. 'மேற்படி நிலத்தில் உள்ள கிணறும், மோட்டார் அறையும்...' ஆம், கிணறு இருக்கிறது. வடகிழக்கு மூலையில். உங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் பெயர் என்ன, அம்மா?

மாடத்தி.

'புதுவூர், காலஞ்சென்ற கருப்பையா மனைவி மாடத்தி.' இதோ, இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் புகைப்படமும் இருக்கிறது, மங்கிப்போய்விட்டது. அதற்கு மேல் என்னுடையது. பதினோராண்டுகளாக ஒரே தாளில் இருந்திருக்கிறோம்.

வணக்கம்.

இவ்வளவு நேரமும் நான் பேசிக்கொண்டே... பெயரைக் கேட்டிருக்க வேண்டும். முதலில் பெயரைக் கேட்டிருக்க வேண்டும்.

என்ன சொன்னீர்கள்? "பள்ளிக்கூடத்து வாத்தியாரு"? யார் அப்படிச் சொன்னது? உரக்கச் சொல்லுங்கள், அம்மா. இல்லை, இல்லை, மெல்லவே சொல்லுங்கள்.

"ரிட்டேர் ஆன எட்மாஸ்டர் ஒருத்தரு, சொந்தக் காசப் போட்டுப் பள்ளிக்கூடம் கட்டப் போறாருன்னு சொல்லித்தான் வாங்குனாவ." நான் அப்படிச் சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னார்களா? "பேரச் சொன்னாவ. நோட்டீசுகூடக் காட்டுனாவ, ஒங்களுக்குச் சால்வ போட்ட படம்." அந்தப் பொன்னாடைப் படமா? அதையா காட்டினார்கள்?

வேறு ஒருவர் ஏக்கருக்கு ஏழு லட்சம் கேட்டாரா? நீங்கள் மூன்றுக்குக் கொடுத்தீர்களா! ஏன் அப்படிச் செய்தீர்கள்? உங்கள் பெண்ணா... எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாளா? ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்ததா, ஓடைக்கரை வழி, துணைக்கு ஆளில்லையா? "எம் பிள்ள படிப்பு போன மாதிரி இன்னொரு பிள்ளைக்குப் போவாண்டாம்னுதான் சார் குடுத்தேன்."

இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. அங்கே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. குடோனா? உர மூட்டை வைக்கிற குடோனா? நீங்கள் அங்கேயே வேலை பார்க்கிறீர்களா? கூட்டிப் பெருக்குகிறீர்களா? அந்த நிலத்திலா?

அப்படிப் பார்க்காதீர்கள், அம்மா.

சம்பளச் சீட்டில் உரிமையாளர் பெயர் என்று போட்டிருக்கிறதா. ஆவுடையப்பன் என்றா. மாதாமாதம் வாசிப்பீர்களா? எழுத்துக்கூட்டியா.

வாட்ச்மேனிடம் கேட்டீர்களா, பள்ளிக்கூடம் எப்போது வருமென்று? எத்தனை ஆண்டு கேட்டீர்கள்? "ரெண்டு மூணு வருசம் கேட்டேன். பொறவு, வாத்தியாருக்கு மேலுக்குச் சொகமில்லையோ என்னமோன்னு விட்டுட்டேன்." எனக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரைகூட இல்லை.

ஒரு நிமிடம். நான் சற்று எழுந்து நிற்கிறேன்.

இல்லை, ஒன்றுமில்லை. மின்விசிறி இந்தப் பக்கம் வருவதேயில்லை. மணி பன்னிரண்டு பத்து.

அம்மா, உங்களிடம் ஆள் வந்தானா? என்ன சொன்னான்? "கேட்டா வாத்தியாரத் தெரியும்னு சொல்லிருன்னான். மொகரையே பாத்ததில்லையே, எப்பிடிச் சொல்லதுக்குன்னு கேட்டேன். குடோன்ல வேல வேணுமா வேண்டாமான்னான்." சரி. அப்படியா சொன்னான். சரி.

நான் ஒன்று சொல்லுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது நாம் அரை மணி நேரமாய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பெயர் எனக்குத் தெரியும். கணவர் பெயர் தெரியும். உங்கள் மகள் படிப்பை நிறுத்தியது தெரியும். கிணறு எந்த மூலையில் இருக்கிறதென்றும் தெரியும். என்னைப் பற்றி உங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே தெரியும். ஆகவே, உள்ளே அவர்கள் "இவரைத் தெரியுமா?" என்று கேட்டால், நாம் இருவருமே "தெரியும்" என்று சொல்லலாம். அது பொய்யாகாது. எப்போதிலிருந்து என்று கேட்டால்தான்... பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். உங்கள் வேலையும் போகாது. என் தங்கையும்... சற்று யோசித்துப் பாருங்கள். சொல்லிலே பொய் ஒன்றும் இல்லை.

என்ன? ஏன் தள்ளி உட்காருகிறீர்கள்? பலகை, அம்மா, பலகை! பார்த்து.

என்ன கேட்டீர்கள்?

"எத்தன பிள்ளையளுக்கு சார் பாடம் சொல்லிக் குடுத்தியோ?"

ஏறத்தாழ... ஆண்டுக்கு இருநூறு என்று வைத்தால்... இல்லை. நீங்கள் எண்ணிக்கை கேட்கவில்லை.

இந்தத் தாள் எங்கே போனது? இதோ இருக்கிறது. தனிப்பயிற்சி. காலையிலிருந்து இதில் அந்த ஒரு வரிதான் தவறென்று நினைத்துக்கொண்டிருந்தேன், அம்மா. என் பெயரில் ஒரு பள்ளிக்கூடத்தை வாயாலேயே கட்டி, அதைக் காட்டி நிலத்தை வாங்கி, அதை இடித்தும் போட்டிருக்கிறார்கள். ஒரு செங்கல் வைக்காமலே. அதை இதில் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

கோமதி அழுவாள். அதை நினைத்தால்... அழுவாள். நான் என்ன செய்ய? என்னால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, 'நிலம் என்னுடையதன்று' என்று சொல்ல முடியாது. அவள் இங்கே இல்லாவிட்டாலும் முடியாது. என் வாயால் அது வராது. எனக்கு என்னைத் தெரியும். உள்ளே போய் உட்கார்ந்து, அவர்கள் தண்ணீர் கொடுத்து, 'சார்' என்று மரியாதையாய் அழைத்தால், நான் இந்தக் கடிதத்தைத்தான் எடுத்து நீட்டுவேன். கையெழுத்தும் இட்டுவிடுவேன்.

இதோ, அழைக்க வந்துவிட்டார். ஆம் ஐயா, ஆவுடையப்பன் நான்தான். இவர்தான் மாடத்தி. இருவரும் ஒன்றாகவா, தனித்தனியாகவா? ஒருவர்பின் ஒருவரா? யார் முதலில் என்று நாங்களே சொல்ல வேண்டுமா?

இந்த அம்மா முதலில் வருவார்.

எழுந்திருங்கள், அம்மா. பயப்பட வேண்டாம். அவர்கள் கேட்பதற்குக் காத்திராமல் நீங்களாகவே சொல்லுங்கள்: பள்ளிக்கூடத்தை, ஏழு லட்சத்தை, மூன்று லட்சத்தை, வந்த ஆளை. என் முகத்தை இதற்குமுன் பார்த்ததில்லை என்பதையும் சொல்லுங்கள். இந்தப் பெஞ்சில் நான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேனே, அதையும் சொல்லிவிடுங்கள். ஒன்றையும் விடாதீர்கள். நீங்கள் சொல்லி முடித்துவிட்டால், அதன்பின் பொய் சொல்ல எனக்கு இடமிருக்காது.